பைக்குள் கூவிய சேவல்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆனி மாசம் முடியற சமயத்துல நடந்தது இது. சென்னைக்கு மேற்கே நூம்பல்ல நாங்க வீடு கட்டிக் குடிவந்து பத்து மாசம்தான் ஆகியிருந்துச்சு. இப்பவும் தெருவுல யாராவது சேவலைக் கையில தூக்கிட்டுப் போனா, என் கண்ணு தானா அதோட காலுக்குத்தான் போகும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன், இல்லேன்னா இது புரியாது. எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது. வீட்டைப் பூட்டினா மூணு தரம் இழுத்துப் பாப்பேன். கேஸை அணைச்சேனான்னு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். பாக்கற வேலையும் அதுக்கு ஏத்த மாதிரியே அமைஞ்சுடுச்சு. மத்தவங்க எழுதின சாஃப்ட்வேர்ல எங்க ஓட்டை இருக்குன்னு தேடற வேலை. "சந்தேகப்படறதுக்கு உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. வீட்டுல அதை ஓசியிலயே பண்ற" அப்படின்னு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் சும்மா கெடந்துச்சு. நாட்டுக்கோழி ஒரு ஆறு பெட்டை வளக்கலாம்னு ஆசை வந்துச்சு. ஆசை வந்த கையோட பயமும் வந்துச்சு. ஃபோன்ல வீடியோ மேல வீடியோவா பாத்தேன். கோழிக்கு என்னென்ன ஆபத்து வரும்னு ஒரு லிஸ்ட்டே போட்டேன். பெருச்சாளி, கீரி, நாய், திருடன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுத்தான் கூண்டையே கட்டினேன். பெருச்சாளி குடையக் கூடாதுன்னு கீழ சிமெண்ட் தளம். சுத்தி இரும்புச் சட்டம், சட்டத்துல ரெண்டு இன்ச் கண் வலை, மேல ஷீட். கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள், ஒரு பூட்டு. அதுவும் போதாதுன்னு கதவைப் பாத்து ஒரு கேமரா. பூனையை நான் கணக்குலயே எடுத்துக்கல. ரெண்டு இன்ச் கண்ணுக்குள்ள பூனை எப்படிப் புகும்?

கோழி சாயங்காலம் ஏறி அடையறதுக்கு உள்ள குறுக்கால மூணு கம்பி போட்டேன், படிப்படியா ஒண்ணுக்கு மேல ஒண்ணு. மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்கின ஸ்டீல் பைப் மிச்சம் இருந்துச்சு, அதையே வெட்டி வெல்டிங் வெக்கச் சொன்னேன். பளபளன்னு இருந்துச்சு. எச்சம் பட்டா ஒரு ஈரத்துணி போதும். கோழிப்பேன் ஒளிய ஒரு பொந்து கிடையாது. முடிச்ச அன்னிக்கு எனக்கே என்னை நெனச்சுப் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அதைப் பாக்க பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்க. அவங்க குடும்பம் தலைமுறை தலைமுறையா அந்த ஊர்லயே இருக்கறவங்க. நாங்க வீடு கட்டியிருக்கற மனையே ஒரு காலத்துல அவங்க நெல்லு வயல்தான். இப்ப அக்கா ஒரு கம்பெனி கேன்டீன்ல வேலை பாக்கறாங்க, அவங்க வீட்டுக்காரர் காட்டுப்பாக்கம் ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்டறார். அக்கா கூண்டை ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. ஸ்டீல் கம்பியை விரலால தடவிப் பாத்தாங்க.

"கம்பி வழவழன்னு கீதேம்மா. கோயி காலு நிக்குமா?"

"பழகிடும்க்கா. கழுவறதுக்கு இதுதான் சுலபம்" னேன்.

அக்கா சிரிச்சாங்க, போயிட்டாங்க. அவங்க கோழிங்க எல்லாம் அவங்க வீட்டு முருங்கை மரத்துலதான் அடையும். கூண்டு, கேமரா எதுவும் கிடையாது. இவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுதுன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். இப்ப அதை எழுதவே வெக்கமா இருக்கு.

ஆனி மாசம் தெருவுல மழைத்தண்ணி போறதுக்காகத் தோண்ட ஆரம்பிச்சாங்க. தோண்டினதுல அக்கா வீட்டு முருங்கை வேரோட சாஞ்சுடுச்சு. அடைய மரம் இல்லாம அவங்க கோழிங்க எங்க எங்கயோ ஏறி உக்காந்துச்சு. ஒரு வாரத்துல ரெண்டு காணாம போச்சு. அக்கா மூஞ்சியே சரியில்ல. ரெண்டு பெட்டை போனதுக்காக இல்ல, அவங்க கவலை மிச்சம் இருந்த ஒரு சேவலைப் பத்தி.

அந்தச் சேவலோட கதை தெருவுக்கே தெரியும். அதுக்கு முந்தின வருஷம் அக்கா வீட்டுக்காரர் ஆட்டோ மேல ஒரு லாரி உரசி, கால்ல கம்பி வெச்சு மாசக்கணக்குல படுத்த படுக்கையா இருந்தார். "இவரு மறுபடியும் ஆட்டோ ஓட்டட்டும், ஒனக்கு ஒரு சேவலு குடுக்கறேன்" னு அக்கா ஊர் எல்லையில இருக்கற அம்மனுக்கு வேண்டிக்கிட்டு, அப்ப குஞ்சா இருந்த இந்தச் சேவல் கால்ல மஞ்சக் கயிறு கட்டிட்டாங்க. அவர் சித்திரையில இருந்து ஆட்டோ ஓட்ட ஆரம்பிச்சுட்டார். ஆடியில கூழ் ஊத்தற ஞாயித்துக்கிழமை சேவலைக் குடுத்துட்டா கணக்கு நேர் ஆயிடும். நேர்ந்து விட்டதுல ஒரு குறை இருக்கக் கூடாது. நொண்டி ஆகாது, ஒத்தைக் கண்ணு ஆகாது, விரல் குறைஞ்சா ஆகாது. கோயில்ல காலைத் தூக்கிப் பாத்துத்தான் வாங்குவாங்களாம்.

நானாத்தான் வாயைக் கொடுத்தேன். "என் கூண்டுல விடுங்கக்கா, ஒரு பெருச்சாளிகூட நுழையாது. ஆடி வரைக்கும் நான் பொறுப்பு" னேன். அக்கா கொஞ்சம் யோசிச்சாங்க. அப்புறம் சேவலைக் கொண்டாந்து என் கையில குடுத்தாங்க. செவலைச் சேவல், நெஞ்சுல மட்டும் கறுப்பு, வால் ஒரு முழத்துக்கு வளைஞ்சு கெடக்கும். என் கையில அது நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்கும்தான்.

அன்னையில இருந்து என் பாடு திண்டாட்டம். ஆபீஸ் மீட்டிங் நடுவுல ஃபோனை எடுத்துக் கேமராவைப் பாப்பேன். கதவு பூட்டியிருக்கா, பூட்டியிருக்கு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் பாப்பேன். "கொழம்புக்குப் போற சேவலுக்கு இம்புட்டுக் காவலா? மந்திரி வீட்டுக்குக்கூட இப்படி இல்லடி" ன்னார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, அவர் வாக்குக் குடுக்கல.

ஒண்ணே ஒண்ணை மட்டும் நான் பண்ணல. கோழி அடையற நேரத்துல நான் ஒரு நாள்கூடக் கூண்டுப் பக்கம் போனதில்ல. தினம் சாயங்காலம் ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் எனக்கு வெளிநாட்டுக்காரங்களோட ஃபோன்ல மீட்டிங் இருக்கும். முடிச்சுட்டு வந்து டார்ச் அடிச்சு, தாழ்ப்பாள் ரெண்டையும் ஆட்டிப் பாத்து, பூட்டை இழுத்துப் பாத்துட்டு வந்துடுவேன். உள்ள எது எங்க உக்காந்திருக்குன்னு பாத்ததில்ல. கம்பி போட்டிருக்கேன், கம்பியில இருக்கும். எனக்கு அவ்வளவுதான் தோணுச்சு.

பத்தாவது நாளோ பதினொண்ணாவது நாளோ, காலையில எழுந்திரிக்கும்போதே என்னமோ சரியில்லன்னு பட்டுச்சு. தெரு முழுக்க எழுப்பற சேவல் சத்தமே இல்ல. செருப்புகூடப் போடாம ஓடினேன். கதவு பூட்டி இருந்துச்சு. ரெண்டு தாழ்ப்பாளும் போட்டது போட்டபடி. ஆனா காம்பவுண்டுச் சுவர் ஓரமா, வலைக்கு வெளிப்பக்கம், நீள நீளமா வால் இறகு சிதறிக் கெடந்துச்சு. சுவர் மேல ரத்தச் சொட்டு. உள்ள பெட்டைங்க ஆறும் ஒரு மூலையில ஒண்டியிருந்துச்சு. சேவல் தரையில ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. வால் மொட்டை. இடது கால் பின்விரல் இல்ல.

சேவலைத் தூக்கிட்டு வந்து கழுவி, மஞ்சள் வெச்சு, ஒரு துணியைச் சுத்தினேன். ரத்தம் நின்னுடுச்சு. வால் முளைச்சுடும், விரல் எங்க முளைக்கும்? கூழ் ஊத்தறதுக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. அக்கா காலையில அஞ்சு மணிக்கே கேன்டீனுக்குக் கெளம்பிடுவாங்க, மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணணும். இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. நேரா போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்னு ஏன் தோணலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தப்பைத் தேடறதே தொழிலா இருக்கறவளுக்கு, தன் தப்புன்னு வந்தா ஒளிக்கத்தான் தோணுது போல.

அப்ப நான் பண்ணின காரியம் இருக்கே, அதுக்குத்தான் இந்தக் கதையையே சொல்றேன். சேவல் கால்ல இருந்த மஞ்சக் கயித்தை அவுத்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்துச்சு, நகத்தால நோண்டி நோண்டி எடுத்தேன். கைப்பையில ஒரு மூலையில வெச்சேன். சேவலை ஒரு கூடைக்குள்ள விட்டுப் பின்பக்கம் மூடி வெச்சுட்டு, ஆபீஸ்ல உடம்பு சரியில்லன்னு ஒரு மெசேஜ் தட்டிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன். வீட்டுக்காரர் அப்ப ஊர்ல இல்ல. இருந்திருந்தா தடுத்திருப்பார்.

செவலைச் சேவல், நெஞ்சுல கறுப்பு. இதைச் சொல்லிச் சொல்லி வேலப்பன்சாவடியில கேட்டேன், பூந்தமல்லியில கேட்டேன். ஒருத்தர்கிட்ட செவலை இருந்துச்சு, நெஞ்சும் செவலை. இன்னொருத்தர்கிட்ட நெஞ்சு கறுப்பு, கழுத்தும் கறுப்பு. "கறிக்குத்தானே, எந்தக் கலரா இருந்தா இன்னா?" ன்னு ஒரு கடைக்காரர் கேட்டார். வண்டியைத் திருப்பினேன். ஒவ்வொரு சிக்னல்லயும் மணி பாத்தேன். நாக்கு வறண்டு போச்சு, ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட வண்டியை நிறுத்தல. கடைசியில பூந்தமல்லி தாண்டி ஒரு வீட்டுல வளத்துக்கிட்டிருந்ததைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அச்சு அசல் அதே மாதிரி. வால் மட்டும் ஒரு சாண் கம்மி. பரவாயில்ல, இறகு உதிருது இல்லையான்னு சமாளிச்சுக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

காய்கறிப் பையில தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி வெச்சேன். வழியில யாராவது தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களோன்னு பயந்து அதையும் உள்ள தள்ளி, மேல துப்பட்டாவைப் போட்டு மூடினேன். காட்டுப்பாக்கம் வரும்போது எதிர்ல வந்த ஷேர் ஆட்டோ எல்லாத்துலயும் அக்கா வீட்டுக்காரர் முகம்தான் தெரிஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்து சேந்தப்ப ஒண்ணே கால். ரெண்டு மணிக்கு முக்கா மணி நேரம் இருக்குன்னு மூச்சு விட்டேன். பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுப் பின்பக்கம் போனேன். அங்க அக்கா உக்காந்திருந்தாங்க.

ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காந்திருந்தாங்க. மடியில அந்தச் சேவல். நான் சுத்தின துணியைப் பிரிச்சுட்டு, புண்ணுல வேப்பெண்ணெய் தொட்டு வெச்சுக்கிட்டிருந்தாங்க. கேன்டீனுக்குப் போற வழியிலயே சேவல் சத்தம் கேக்கலையேன்னு அவங்களுக்கு மனசு கேக்கலையாம். பாதி வேலையில சொல்லிட்டு வந்துட்டாங்க. பின்பக்க கேட் தொறந்துதான் இருந்துச்சு. அத்தனை பூட்டு போட்டவ அந்த அவசரத்துல அதை மறந்துட்டேன்.

என்னை நிமிந்து பாத்தாங்க. திட்டல. "பூனைதான். செவுத்து மேல ரத்தம் கீது பாரு" ன்னு சொன்னாங்க. அப்புறம் சேவல் காலைத் தடவிக்கிட்டே கேட்டாங்க. "கயிறு எங்கம்மா? அதையுமா பூனை தின்னுச்சு?"

நான் ஏதோ சொல்ல வாயைத் தொறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ, பொய்தான் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள என் கையில இருந்த பை கூவிச்சு.

சாதாரணக் கூவல் இல்ல. வெயில்ல, பைக்குள்ள, துப்பட்டாவுக்கு அடியில அடைச்சு வெச்ச கோவம் மொத்தமும் சேத்து, நீட்டி முழக்கிக் கூவிச்சு. அக்கா மடியில இருந்த சேவல் கழுத்தை நீட்டிப் பையைப் பாத்துச்சு. அக்காவும் பையைப் பாத்தாங்க. துப்பட்டா தானா நழுவி விழுந்துச்சு. செவலைத் தலை ஒண்ணு வெளிய வந்து அவங்களை உத்துப் பாத்துச்சு. அந்த நிமிஷம் பூமி பொளந்து என்னை முழுங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கைப்பையில இருந்து கயித்தை எடுத்து நீட்டினேன். வேற என்ன பண்றது? அக்கா அதை வாங்கி உள்ளங்கையில வெச்சுக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. 

"பூனை பசிக்கு வந்துச்சு. அது வயிறு, அதுக்கு இன்னா தெரியும்" னாங்க. "நீ கயித்த அவுத்தியே."

 கத்தியிருந்தா நான் அழுதிருப்பேன், அவங்க கத்தல. எனக்கு அழுகைகூட வரல.

அவங்க உடனே எழுந்து போயிடுவாங்கன்னு நெனச்சேன். போகல. அந்த பக்கெட்டுலயே உக்காந்திருந்தாங்க. சாயங்காலம் வரைக்கும். பையில இருந்த சேவலை எடுத்துக் கூடைக்குள்ள விட்டேன். காபி குடுத்தேன், தொடல. ஆறு மணிக்கு என் ஃபோன் அடிச்சுது, ஆபீஸ் கால். கட் பண்ணேன், மறுபடியும் அடிச்சுது, அணைச்சே வெச்சுட்டேன். அப்புறம் நானும் பக்கத்துல தரையில உக்காந்தேன். வெளிச்சம் கொறைய ஆரம்பிச்சுது.

அப்பத்தான் என் கூண்டை நான் முதல் தடவையாப் பாத்தேன். பெட்டை ஒண்ணு எம்பி ஸ்டீல் கம்பி மேல ஏறுச்சு. கால் வழுக்கி, இறக்கையை அடிச்சு, தடுமாறிக் கீழ குதிச்சுது. மறுபடி ஏறுச்சு, மறுபடி வழுக்குச்சு. மூணாவது தடவை கம்பியை விட்டுட்டு, வலையை ஒட்டி ஓடற இரும்புச் சட்டத்தோட விளிம்புல போய் உக்காந்துச்சு. அதைப் பாத்து இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. ஆறும் வரிசையா வலையில முதுகைச் சாச்சு உக்காந்துச்சுங்க. வால் எல்லாம் வலைக்கு வெளிய, பின்விரல் எல்லாம் வலைக்கு வெளிய. அந்த வலைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவுல ஒரு அடிகூட இல்ல. பூனை உள்ள நுழையவே வேண்டியதில்லை. சுவர் மேல நின்னு கையை நீட்டினா போதும்.

இத்தனை நாளா இப்படித்தான் இருந்திருக்குங்க. நான் கேமராவைக் கதவைப் பாத்து வெச்சிருந்தேன்.

"நீ என்னிக்காவது இங்க உக்காந்து பாத்தியா?" ன்னு அக்கா கேட்டாங்க. இல்லன்னு தலையாட்டினேன். அவங்க சேவலைத் தூக்கிட்டு, கயித்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, போயிட்டாங்க.

அடுத்த அஞ்சாறு நாள் அவங்க என்கிட்ட பேசல. துணி காயப்போட அவங்க மாடிக்கு வருவாங்க, எங்க மாடியில நான் இருந்தா இறங்கிடுவாங்க. எனக்குச் சோறு இறங்கல. வெளியூர்ல இருந்து திரும்பி வந்த வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எப்பவும் கிண்டல் பண்றவர் அன்னைக்கு எழுந்து போய்க் கூண்டைப் பாத்துட்டு வந்தார். அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

ஒரு நாள் காலையில அக்கா வீட்டுக்காரர் காலை இழுத்துக்கிட்டே எங்க கேட்டுக்கு வந்தார். கையில சேவல். கோயில்ல பூப்போட்டுக் கேட்டாங்களாம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தா இந்தச் சேவலையே அம்மன் ஏத்துக்குவா. வெள்ளை வந்தா இது வேணாம், இதோட வாரிசை அடுத்த ஆடியில குடுக்கணும். வெள்ளைதான் வந்துச்சாம்.

நான் வாங்கின சேவலை எடுத்துக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "அது நேர்ந்துக்கினது இல்லியேம்மா" ன்னார். "எங்கூட்டுக்காரி சொல்லிட்சு, வெரலு ஒங்கூட்டுலதான் பூடுச்சு, ஒங்கூட்டுலயே வளரணுமாம். குஞ்சு எறக்கிக் குடுத்துடு." சேவலை என் கையில குடுத்துட்டு ஆட்டோவை எடுத்துக்கிட்டுக் கெளம்பினார். அது தண்டனையா, நம்பிக்கையான்னு எனக்குப் புரியல. பயமா மட்டும் இருந்துச்சு.

வாரிசு மாறிடக் கூடாதுன்னு நான் வாங்கின சேவலைத் தனிக் கூண்டுல விட்டேன். அன்னைக்கே ஸ்டீல் கம்பி மூணையும் அறுத்து எடுக்கச் சொன்னேன். கூரைக்குப் போடற அகலமான ரீப்பர் மரக்கட்டை வாங்கினேன். தட்டையான பக்கம் மேல வர்ற மாதிரி, கோழி நின்னா விரல் முழுக்க அது மேல படியற மாதிரி போட்டேன். ஓரத்தை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். வலையில இருந்து ரெண்டு அடி தள்ளி, எல்லாக் கட்டையும் ஒரே உயரத்துல, இடுப்பு உயரத்துக்கு மேல போகாம வெச்சேன். ஒண்ணு உசரம் ஒண்ணு தாழ்வுன்னு இருந்தா உசரத்துக்குத்தான் எல்லாம் அடிச்சுக்குது, அதையும் உக்காந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சுவர்ப் பக்கம் சின்னக் கண் வலை இன்னொண்ணு சேத்து, சட்ட விளிம்பு மேல எதுவும் உக்கார முடியாதபடி சாய்வா தகரம் அடிச்சேன். பின்விரல் இல்லாத சேவல் அந்த அகலக் கட்டையில ஏறி, வழுக்காம உக்காந்த அன்னைக்குத்தான் ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

ஆனா அந்த வருஷம் முழுக்க எனக்கு நிம்மதி இல்ல. உண்மையைச் சொன்னா, நான் பெருசா சாமி கும்பிடறவ இல்ல. ஆனாலும் என்னால ஒரு வேண்டுதல் பாக்கி நிக்குது. யாருக்காக வேண்டினாங்களோ அந்த மனுஷன் தினமும் அதே ரோட்டுல ஆட்டோ ஓட்டிட்டு இருக்கார். அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? ராத்திரி எட்டு மணிக்கு அவர் ஆட்டோ தெருமுனையில திரும்பும். சைலன்சர் ஓட்டை, தனியாத் தெரியும் அந்தச் சத்தம். அது கேக்கற வரைக்கும் நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். வீட்டுக்காரர் கேட்டா, காத்து வாங்கறேன்னு சொல்வேன்.

ஐப்பசியில ஒரு நாள் நல்ல மழை. எட்டாச்சு, எட்டரையாச்சு, ஆட்டோ வரல. குடையை எடுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்ட போய் நின்னேன். தெருவுல முழங்கால் தண்ணி. பக்கத்து கேட்டுல அக்கா நின்னுக்கிட்டிருந்தாங்க, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு. ரெண்டு பேரும் தெருமுனையையே பாத்துக்கிட்டிருந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு அவங்க என் பக்கம் திரும்பினாங்க.

"நீ ஏம்மா நிக்கிற?"

"சும்மாதான்க்கா" ன்னேன். சொல்லிட்டு மறுபடியும் தெருமுனையையே பாத்தேன்.

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. என்ன புரிஞ்சுதோ, சாக்கை ஓரமா இழுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து நின்னாங்க. கொஞ்ச நேரத்துல அவர் ஆட்டோவைத் தள்ளிக்கிட்டு நனைஞ்சு போய் வந்தார். இன்ஜின்ல தண்ணி பூந்துடுச்சாம். எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, "இன்னாது, ரெண்டு பொம்பளையும் எனக்குக் காவலு நிக்கறீங்களா?" ன்னார். அக்கா சிரிச்சாங்க. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

புரட்டாசியிலயே என் பெட்டை ஒண்ணு அடைக்கு உக்காந்து, ஏழு குஞ்சு பொரிச்சிருந்துச்சு. தை மாசம் அதுல ஒண்ணு நல்ல சேவலாத் தெளிஞ்சுது. செவலை, நெஞ்சுல கறுப்பு. ஒரு சாயங்காலம் கோழி அடையற நேரத்துக்கு அக்கா வந்தாங்க. பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்தாங்க. கட்டை மேல ஏறி உக்காந்திருந்த சேவலை நான் ரெண்டு கையாலயும் பொத்தித் தூக்கிட்டு வந்து காட்டினேன். காலைத் தூக்கி விரலை ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தாங்க. முந்தானை முடிச்சை அவுத்து மஞ்சக் கயித்தை வெளிய எடுத்தாங்க. புதுசா மஞ்சள்ல நனைச்சிருந்தாங்க. ஆனா அதே கயிறுதான், என் நகம் நோண்டின இடத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு.

நான் சேவலைப் பிடிச்சுக்கறேன், நீங்க கட்டுங்கன்னு சொன்னேன். அவங்க சேவலைத் தன் மடிக்கு வாங்கிக்கிட்டு, கயித்தை என்கிட்ட நீட்டினாங்க.

"நீ அவுத்தது. நீயே கட்டு."

முடிச்சு ரெண்டு தரம் நழுவுச்சு. அவங்க அவசரப்படுத்தல. மூணாவது தரம் விழுந்துச்சு.

ஆடியில கூழ் ஊத்தற அன்னைக்குச் சேவலை நான்தான் கோயில் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். உடம்புல ஒரு கீறல் இல்ல. பூசாரி காலைத் தூக்கிப் பாத்தார், தலையாட்டினார். அந்த நேரத்துல நான் கண்ணை மூடிக்கிட்டேன். மத்தியானம் அக்கா வீட்டுல இருந்து கொழம்பு வந்துச்சு. என் வீட்டுக்காரர் சாப்பிட்டார், என்னால ரெண்டு பருக்கைக்கு மேல முடியல. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டோச் சத்தம் கேட்டப்ப வாசலுக்குப் போகாம அடுப்படியிலயே நின்னேன். ஒரு வருஷத்துல அன்னைக்குத்தான் முதல் தடவை.

பின்விரல் இல்லாத சேவல் இன்னும் இருக்கு. வால் முளைச்சு முன்ன மாதிரியே வளைஞ்சு கெடக்கு. தெருவை எழுப்பறதும் அதுதான். நான் பூந்தமல்லியில வாங்கினதை அக்கா வீட்டுக்கே குடுத்துட்டேன், அது பைன்னு எதைப் பாத்தாலும் கொத்தும். ஆபீஸ்ல சண்டை போட்டு என் சாயங்கால மீட்டிங்கை ஏழு மணிக்கு மேல தள்ளி வெச்சுட்டேன். கேமராவைக் கழட்டியாச்சு. பொழுது சாயும்போது பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்து, கடைசிக் கோழி கட்டையில காலை ஊனி உக்கார்ற வரைக்கும் பாக்கறேன். ஒருத்தர்கிட்ட 'நான் பொறுப்பு'ன்னு சொல்ற வார்த்தை என் வாயில வரும்போதெல்லாம், அந்தக் கயித்து முடிச்சு என் நகத்துக்கு அடியில இன்னும் உறுத்துது.